நெல்லளவு மனிதன்

உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறியும் ஆகாய விமானம் ஏறியும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஒன்றரை மைல் தூரத்தில் நாம் குடியிருக்கிறோம். தினந்தோறும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அந்த விமானம் நம் கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால் நாம் அதைப் பார்ப்பதில்லை. முதல் மணி அடித்துவிடுமோ, திருத்தாத பரீட்சைத் தாள்கள் இன்னும் எத்தனை பாக்கி என்ற விசாரங்களோடு தலையைக் குனிந்துகொண்டே போய்விடுகிறோம்.

அதே கோவில் நமது வீட்டுக் கூடத்து அலமாரியிலும் இருக்கிறது. நெட்டியினால் செய்யப்பட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அடி உயரத்தில் தந்தம் போல் வெளுத்து நிற்கிறது. நமது கலியாணத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த பரிசு. இதைப் பார்க்காமல் மட்டும் நமக்கு ஒரு பொழுது போவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றுவிடும்.

"இருநூறு அடிக் கோவிலைப் பார்க்க நேரமில்லை. ஓரடிக் கோவிலை அரை மணி நேரம் பார்க்கிறீர்கள். இது என்ன நியாயமோ!" என்று நமது இல்லத்தரசி ஒரு நாள் சொன்னாள்.

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அது மனத்தில் தைத்துவிட்டது. பெரியதைச் சிறியதாகச் செய்து வைத்தால் அதில் மனிதனுக்கு அப்படி என்ன ஆனந்தம்? நமது வீட்டுக் கொலுவில் கட்டைவிரல் அளவு அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கண்டால் எண்பது வயதுப் பாட்டிமார்கள்கூடக் குழந்தைகளாகிவிடுகிறார்கள். அவர்கள் வாழ்நாள் முழுவதும் நிஜ அம்மியில் அரைத்து அரைத்துத் தோள்பட்டை நொந்தவர்கள்! அந்தப் பெரிய அம்மியைப் பார்த்து அவர்கள் ஒரு நாளாவது மகிழ்ந்திருப்பார்களா?

முதலில் நெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமது காவிரி நாட்டில் குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்கிற ஒரு நீர்ச் செடி அது. மேல்தோலைச் சீவிவிட்டால் உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைச் சதை. மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் போடுகிறோமே சாயம் தோய்த்த நெட்டி மாலை, அது இந்தச் செடிதான். அதையே உலர்த்தி, கூரிய கத்தியால் மெல்லிய தகடுகளாகவும் துண்டுகளாகவும் அரிந்து, ஒட்டி, தஞ்சைக் கைவினைஞர்கள் கோவில் கட்டுகிறார்கள். 2020-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்லே இல்லாத நெல் வயல் சீமையில் ராஜராஜன் வெளியிலிருந்து கல் கொண்டுவந்து மலை போல் ஒரு கோவில் எழுப்பினான். அந்தக் கல் மலையை நமது ஊர்க் குளத்துச் செடியினாலேயே இவர்கள் திரும்பக் கட்டிவிடுகிறார்கள். அதிலும் ஒரு ரஸம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு தடவை இந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனோம். விகிதாசாரக் கணக்கு நடத்த வேண்டியிருந்தது. "கோவில் 200 அடி, பொம்மை 1 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொம்மைக் கோவிலுக்குள் ஐந்தரை அடி ஆள் ஒருவர் போய் நின்றால் எவ்வளவு உயரம் இருப்பார்?" என்று கேட்டோம். பையன்கள் பென்ஸிலைக் கடித்தார்கள். ஐந்தரை அடியை 200-ஆல் வகுத்தால் சுமார் எட்டு மில்லிமீட்டர் வருகிறது. கடைசிப் பெஞ்சியில், ஒரு விவசாயியின் மகன், சட்டைப் பையைத் துழாவினான். எதற்காகவோ அதில் இரண்டு மூன்று நெல்மணிகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து வந்தான். கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, கோவில் வாசற்படியருகே அந்த நெல்லைச் செங்குத்தாக நிறுத்தினான்.

"ஸார், இதுதான் நீங்கள்" என்றான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்த நெல்மணியை நிறுத்திய மாத்திரத்தில் ஓர் அதிசயம் நிகழ்ந்ததை அத்தனை பேரும் கண்டோம். ஓரடிப் பொம்மை விர்ரென்று வளர்ந்து மலையாகிவிட்டது! பத்து வருஷமாக நாம் பார்த்து வந்த விளையாட்டுச் சாமான், ஒரு நெல் பக்கத்தில் நின்றவுடன், அண்ணாந்து பார்க்கிற கோவிலாயிற்று. அளவு என்பது பொருளில் இல்லை, பக்கத்தில் நிற்பதில் இருக்கிறது என்பதை அன்று மாணவனிடம் ஆசிரியர் கற்றுக்கொண்டார்.

நெல்லைக் கொண்டு அளப்பது நமது நாட்டுக்குப் புதிதும் அல்ல. எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று நம் முன்னோர்கள் வாய்பாடு வைத்திருந்தார்கள். ஒரு முழத்துக்கு 192 நெல். முழம் ஒன்றரை அடி என்று கொண்டால், 200 அடி விமானத்தின் உயரம் 25,600 நெல்! பையன்கள் இதை மிகுந்த உற்சாகத்தோடு போட்டு முடித்தார்கள்.

உற்சாகம் வந்த பிறகு வகுப்பறைக்குள் இருக்க முடியுமா? தை மாதத்தில் ஒரு நாள் மூன்றடிக் கம்பு ஒன்றையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு அவர்களைப் பெரிய கோவிலுக்கே அழைத்துப் போனோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டல்லவா? அதோ, பிராகாரத்தில் நிழல் தாராளமாக விழுந்து கிடந்தது. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வரும் நாட்களில், அவற்றை ஒட்டிய பல வாரங்களிலும்கூட, நடுப்பகலில் நிழல் கோவிலின் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு பிறந்திருக்க வேண்டும். தை மாதத்துச் சூரியனோ தெற்கே சாய்ந்திருப்பவன். அவன் ஒளித்து வைப்பதில்லை.

கம்பின் நிழலையும் கோபுர நுனியின் நிழலையும் ஒரே சமயத்தில் அளந்து பெருக்கினால் உயரம் வந்துவிடும். ஒருவனுக்கு 190 அடி வந்தது, ஒருவனுக்கு 230. இன்னொருவனுக்கு 130 அடிதான். பாவம், அவன் அடித்தளத்தின் ஓரத்திலிருந்து நிழலை அளந்துவிட்டான். நுனிக்கு நேர் கீழே உள்ள இடம் கல்லுக்குள் புதைந்திருக்கிறது. அடித்தளத்தின் அகலம் ஏறக்குறைய 100 அடி. அதில் பாதியைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நிழலை மட்டும் அளப்பவன் கோவிலைக் குட்டையாக்கிவிடுவான்!

பிறகு வெகு காலத்துக்கப்புறம் நாம் அன்றுதான் விமானத்தைப் பார்த்தோம். அடுக்கடுக்காக எழுந்து செல்லும் நிலைகளில் வரிசையாக என்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மூலையில் சதுரமாகக் கூடம், நடுவில் வண்டிக் கூண்டு போல நீண்ட சாலை, இடையில் பஞ்சரம் என்று சிற்பிகள் சொல்லும் இவையெல்லாம் தனித்தனிச் சிறு கோவில்கள். சிறு கோவில்களை வரிசை வரிசையாக அடுக்கித்தான் பெரிய கோவிலைக் கட்டியிருக்கிறார்கள். அது மட்டுமா? இந்த விமானத்துக்குச் சோழர்கள் இட்ட பெயர் தட்சிணமேரு. அதாவது, தேவர்கள் வாழும் மேரு மலையின் தென்னாட்டுப் பிரதி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற இந்தக் கோவிலே ஒரு பொம்மைதான்! மேருவைச் சிறியதாக்கி ராஜராஜன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்தான். அதை இன்னும் சிறியதாக்கி நெட்டிக்காரர் நமது அலமாரியில் வைத்தார். இரண்டு பேருடைய ஆசையும் ஒரே ஜாதியைச் சேர்ந்ததுதான். ஒரே பார்வையில் அடங்காததை அடங்கச் செய்ய வேண்டும் என்பதே அந்த ஆசை.

கத்தி செய்கிற இந்த வேலையைக் காமிராவும் செய்கிறது. தஞ்சை ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1855-ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷங்கழித்து, 1858-இல், அவர்களுடைய பட்டாளத்தைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்ற காப்டன் வந்து கோவிலைப் படமும் எடுத்துக்கொண்டார். ராஜ்யத்தை எடுத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்ததற்குச் சொல்லலாம். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜனுடைய கல்வெட்டுகள் ஓடுகின்றன அல்லவா? டிரைப் அவற்றைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். கோவிலைச் சுற்றி நடந்து நடந்து பார்க்க வேண்டியதை ஒரு மேஜையின் மேல் விரித்துப் பார்க்கும்படி செய்துவிட்டார். அந்த எழுத்துக்கள் முறையாகப் படிக்கப்பட்டு, 1891-ஆம் ஆண்டு முதல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரால் அச்சில் வெளிவந்தபோது, கரிகாலன் கட்டினான் என்றும் இன்னும் ஏதேதோவும் சொல்லிக்கொண்டிருந்த கதைகள் மறைந்தன. கட்டியவன் ராஜராஜன் என்பது உறுதிப்பட்டது.

ஆகவே, சிறியதாக்கினால் முழுமை கிடைக்கிறது என்ற முடிவுக்கு நாம் வந்தோம். இல்லத்தரசியின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது என்று பெருமையோடு இருந்தோம். அப்படியானால் சிறியதைப் பெரியதாக்கினால் என்ன கிடைக்கும்? அதையும் போன வருஷம் தெரிந்துகொண்டோம்.

நமது தாயார் 1986-இல் காலமானார். அப்போது நமக்கு வயது ஆறு. தமக்கைக்குப் பதினைந்து. அந்தக் காலத்துக் கிராமத்தில் போட்டோ எடுத்துக்கொள்வது சாமானியக் காரியமல்ல. அம்மாவின் உருவமாக வீட்டில் இருப்பது ஒரே ஒரு படந்தான். 1985-இல் சித்தியின் கலியாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தபால் கார்டு அளவு. அதில் முப்பது பேர் நிற்கிறார்கள். இரண்டாவது வரிசையில், இடப்பக்கத்து ஓரத்தில் அம்மா. முகம் ஓர் உளுத்தம்பருப்பு அளவு.

அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆசை. ஒரு போட்டோக் கடையில் கொடுத்தோம். கடைப் பையன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரொம்பச் சின்ன முகம், ஸார். அப்படியே பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனால் கவலைப்படாதீங்க. மிச்சத்தை இப்போ கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடும்" என்றான்.

இரண்டு நாள் கழித்துப் போனோம். ஆஹா! ஒன்றரை அடி உயரச் சட்டத்துக்குள் அம்மா நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமையின் மயிர்களை எண்ணலாம்; அவ்வளவு தெளிவு. கண்களில் நீர் தளும்ப, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, அதே சூட்டோடு பஸ் ஏறி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாவற்றையும் தாண்டித் திருவையாற்றில் இருக்கும் தமக்கையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தமக்கை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "அழகாகத்தான் இருக்காங்க. ஆனால் இது யாரு, தம்பி?" என்று கேட்டாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டாம். சின்ன வயதில் களத்துமேட்டில் விழுந்தபோது பட்டதாம். முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் உதடுகள் முழுவதும் மூடமாட்டாவாம். படத்தில் இருந்த அம்மாளுக்குத் தழும்பும் இல்லை, தூக்கலான பல்லும் இல்லை. எப்படி இருக்கும்? உளுத்தம்பருப்பு அளவு முகத்தில் காமிரா பிடித்து வைத்திருந்த சங்கதி அவ்வளவுதான். அதற்கு மேல் தேவைப்பட்டதை, லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய யந்திரம், 'ஒரு முகம் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று அனுமானித்து நிரப்பிவிட்டது. பையன் பேரில் குற்றமில்லை. அவன் முன்பே சொல்லித்தான் செய்தான்.

நம்மை வருத்தியது வேறொரு விஷயம். தமக்கை சொல்லும் வரையில் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை! பெற்ற தாயின் முகம் என்று யாரோ ஒரு ஸ்திரீயின் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். தமக்கை ஒருத்தி இல்லாதிருந்தால், நமது குழந்தைகளும் அவர்களுடைய குழந்தைகளும் அந்த முகத்துக்குத்தான் பூமாலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நெட்டிக்காரரும் எவ்வளவோ விட்டுவிடுகிறார். விமானத்தின் மேலுள்ள சிற்பங்களில் நூற்றில் ஒன்றுகூட அவருடைய கத்திக்கு எட்டுவதில்லை. ஆனால் அவர் விடுகிறாரே தவிர, இல்லாததைச் சேர்ப்பதில்லை. விட்டதைக் கோவிலைக் கண்ட நமது மனம் நிரப்பிக்கொள்கிறது. சின்னப் பொருளின் இன்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நிஜ அம்மியில் அரைத்த பாட்டிக்குத்தான் கொலு அம்மி இனிக்கிறது. நிரப்புவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லாதபோது, நிரப்பும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

பெரிய கோவில் கல்வெட்டுகளில் ஒரு பட்டியல் உண்டு. ராஜராஜனும், அவனுடைய தமக்கை குந்தவையும், தேவிமார்களும், அதிகாரிகளும் செய்து வைத்த செப்புத் திருமேனிகள், பொன் திருமேனிகளின் பட்டியல். பாதத்திலிருந்து கேசம் வரையில் இத்தனை முழம், இத்தனை விரல் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வெட்டியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. பொன்மாளிகையில் துஞ்சிய தன் தகப்பனார் சுந்தர சோழருக்கும் குந்தவை ஒரு படிமம் செய்து வைத்தாள். அந்தப் பட்டியலில் உள்ள படிமங்களில் மிகச் சிலவே இன்று எஞ்சியிருக்கின்றன. ஆயிரம் வருஷத்தில் உலோகம் போய்விட்டது. கல்லில் வெட்டி வைத்த சொல் இருக்கிறது. உருவம் மட்டும் போதாது, பக்கத்தில் சொல்லும் வேண்டும் என்று நமது முன்னோர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

"அந்தச் சின்னப் படத்தைக் கொண்டா, தம்பி" என்றாள் தமக்கை.

கொடுத்தோம். ஓர் ஈர்க்குச்சியை எடுத்து அதன் நுனியால் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள். "அம்மா ஏன் நேரே பார்க்காமல் கொஞ்சம் குனிந்திருக்காங்க, தெரியுமா? நீ அழுதுகொண்டு புடவையைப் பிடித்து இழுத்துக்கிட்டிருந்தே. போட்டோக்காரர் உன்னை நகர்த்திவிடச் சொன்னார். அம்மா மாட்டேனுட்டாங்க. இதோ பார், உன் கை."

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நடுவே, அம்மாவின் புடவைக் கொசுவத்தில், வெள்ளையாக ஒரு பொட்டு. அரை நெல் அளவு இருக்கும். இத்தனை வருஷமாக அதை அச்சின் பழுது என்று நினைத்திருந்தோம். பெரிதாக்கிய படத்தில் அது இல்லவே இல்லை. முகத்துக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டார்கள்.

அன்று மாலை வரையில் தமக்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் குரல், நடை, கோபம் வந்தால் பேசாமல் வெற்றிலைப் பெட்டியைத் துடைக்கிற வழக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல் குறிப்பெடுத்துக்கொண்டோம். தழும்பு எந்தப் புருவத்தில் என்பது முதற்கொண்டு எழுதி, படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம். வாசக நேயர்கள் வீட்டிலும் இப்படிப் பழைய படங்கள் இருக்கும். அவற்றில் உள்ளவர்களை நேரில் அறிந்த ஒருவராவது இருப்பார். படத்தைப் பெரிதாக்கக் கடைக்குப் போகுமுன் அவரிடம் போங்கள். கடை நாளைக்கும் திறந்திருக்கும்.

பெரிய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டோம். தபால் கார்டு படம் இப்போது அலமாரியில், நெட்டிக் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நமது இல்லத்தரசி பூதக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாள். "இப்போது அரை மணி ஒரு மணியாகிவிட்டதே!" என்று மட்டும் சொல்கிறாள், நியாயம் கேட்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், வாசற்படியருகே, அந்தப் பையன் நிறுத்திய நெல்மணி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.